தோட்டா ரன்-அவுட் கேஜ்: வி-பிளாக் 90 டிகிரியா 60-ஆ? டயலை எங்கே வைப்பது?

பீன்யா டூல்ரூம்:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் பீன்யாவில் எங்கள் டூல்ரூமுக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. வாடிக்கையாளர் டெக்சாஸில் இருக்கிறார். .308 வின்செஸ்டர் தோட்டாக்களைத் தானே லோடு செய்து டார்கெட் போட்டிகளில் சுடுபவர். லோடு செய்த தோட்டாவில் புல்லட் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் ரன்-அவுட் கேஜ் ஆறு செட் வேண்டுமாம். டிராயிங்கை எங்களையே போடச் சொல்லிவிட்டார். ரிப்பீட்டபிலிட்டி (திரும்பத் திரும்ப அளந்தால் வரும் வித்தியாசம்) 0.0005 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 12 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கண்டிஷன்.

ஷாஃப்டுக்கு ரன்-அவுட் பார்ப்பது எங்களுக்குத் தினசரி வேலை. இது வேறு மாதிரி ஜாப். பின்பக்கம் சென்டர் கொடுக்கலாம் என்றால் அங்கே ப்ரைமர் (அடிபட்டால் பற்றிக்கொள்ளும் தீமூட்டி) இருக்கிறது. முன்பக்கம் புல்லட்டின் மூக்கு. நடுவில் டேப்பரான பித்தளை உடம்பு (கேஸ்), மெல்லிய சுவர்.

தெரிய வேண்டியவை: வி-பிளாக் 60 டிகிரியா 90 டிகிரியா, அல்லது ஸ்டீல் பால் (உருண்டை) வைத்துத் தாங்கலாமா? டயல் முனை கேஸ் நெக்கில் (புல்லட்டைப் பிடித்திருக்கும் கழுத்தில்) வேண்டுமா, புல்லட்டில் வேண்டுமா? வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே இரண்டு கம்பெனி கேஜ்கள் இருக்கின்றன. ஒரே தோட்டாவுக்கு இரண்டும் வேறு வேறு அளவு காட்டுகின்றன என்கிறார், ஏன்? கோணலான புல்லட்டைத் தள்ளி நேராக்க ஒரு ஸ்க்ரூவும் அதிலேயே வேண்டும் என்கிறார். அது சரிப்பட்டு வருமா?


மைக்ரான்:

தாங்கல் பற்றி மட்டும் சொல்கிறேன். தோட்டா விஷயத்தை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

90 டிகிரியே போடுங்கள். காரணம் இது. வழக்கமான வி-பிளாக் வேலையில் தாங்கும் இடமும் அளக்கும் இடமும் ஒன்றாக இருக்கும். இங்கே தாங்குவது கேஸ் உடம்பில், அளப்பது புல்லட்டில். அதனால் கேஸ் உடம்பில் உள்ள வட்டப் பிழை ஜாபின், அதாவது தோட்டாவின், மையத்தை ஏற்றி இறக்கினால், அது அப்படியே புல்லட்டின் ரன்-அவுட் போலத் தெரியும். உடம்பு லேசாக நீள்வட்டமாக இருக்கிறது என்று வையுங்கள். 90 டிகிரி வி-யில் ஒரு பக்கம் தொடும் புள்ளி உயரும்போது மறுபக்கம் அதே அளவு தாழும். மையம் பக்கவாட்டில்தான் நகரும், மேலும் கீழும் நகராது. டயல் வி-யின் நடுக்கோட்டில் செங்குத்தாக நின்றால் அந்தப் பிழை அதற்குத் தெரியவே தெரியாது. 60 டிகிரியில் அந்த நீள்வட்டம் முழுவதும் மையத்தை மேலும் கீழும் ஆட்டும். மூன்று மேடு உள்ள வட்டப் பிழைக்கும் அப்படித்தான்: 90-ல் மையம் ஒரு பங்கு நகரும் இடத்தில் 60-ல் இரண்டு பங்கு நகரும். ஆகவே டயல் சாய்ந்து நிற்கக் கூடாது, பக்கவாட்டிலும் நிற்கக் கூடாது. நடுக்கோட்டில்தான் நிற்க வேண்டும்.

நீளமான வி-பிளாக் வேண்டாம். கேஸ் டேப்பர் என்பதால் அது எங்கே தொடுகிறது என்று உங்களுக்கே தெரியாது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு ஸ்டீல் பால் போதும், 8 மி.மீ. பேரிங் பால். பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும். ஒரே லாட்டில் வாங்குங்கள். பின் ஜோடி கேஸின் அடியிலிருந்து 8 மி.மீ. தூரத்தில், அடியைச் சுற்றியுள்ள எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்தைத் தாண்டி. முன் ஜோடி 38 மி.மீ. தூரத்தில், ஷோல்டர் (உடம்பு நெக்காகக் குறுகும் சரிவு) தொடங்கும் இடத்துக்குச் சற்று முன். டிராயிங் அளவுப்படி .308 கேஸின் விட்டம் அந்த இரண்டு இடங்களில் சுமார் 11.92, 11.55 மி.மீ. தொடுகோணம் 90 கிடைக்க, பாலின் மையத்திலிருந்து மையத்துக்குப் பின்னால் 14.1, முன்னால் 13.8 மி.மீ. இடைவெளி வையுங்கள்.

எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. லோடு செய்த .308 தோட்டா 24, 25 கிராம்தான். புல்லட் முன்னால் கனமாக இருப்பதால் ஈர்ப்பு மையம் முன் பாலுக்கு ஏறக்குறைய 4 மி.மீ. பின்னால்தான் விழும். பிளஞ்சர் (நேராக ஏறி இறங்கும் தண்டு) டயலின் அழுத்தமோ 100 கிராம் அளவில் இருக்கும். அதை முன் பாலிலிருந்து 19 மி.மீ. வெளியே புல்லட்டின் மேல் வைத்தால் தோட்டாவின் வால் தூக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாமல் 20, 30 மைக்ரான் தூக்கினாலே போதும், நீங்கள் அளப்பது ரன்-அவுட்டே இல்லை. லீவர் (ஆடும் முனை) டயல் போட்டாலும் தூக்கும், கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதனால் இரண்டு ஜோடிக்கும் நடுவில், மேலிருந்து ஸ்பிரிங் அழுத்தத்தோடு ஒரு ரப்பர் ரோலர் கட்டாயம். அதையே சுற்றினால் தோட்டாவும் சுற்றும், விரல் படவே தேவையில்லை.

டயல்: 0.01 மி.மீ. பிளஞ்சரில் ஒரு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது இரண்டரைக் கோடு. படிக்கச் சிரமம். 0.002 லீவர் டயல் எடுங்கள், பேக்கர் ஆனாலும் மிட்டுடோயோ ஆனாலும் சரி. லீவர் 30 டிகிரி சாய்ந்திருந்தால் காட்டுவதை 0.866-ஆல் பெருக்கினால்தான் உண்மை அளவு வரும். தொடும் பரப்புக்கு இணையாக லீவரை வைத்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.


தூரஇலக்கு:

மைக்ரான் சார் சொன்னதோடு பின் ஸ்டாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டாவின் அடி நடுவில் ப்ரைமர். பெரிய ரைஃபிள் ப்ரைமர் 0.210 அங்குலம், 5.33 மி.மீ. விட்டம். பாயிண்ட் ஸ்டாப்பை அங்கே எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. தள்ளி ஓரத்தில் பின் வைத்தால், சுற்றும்போது ஹெட்ஸ்டாம்ப் எழுத்துப் பள்ளத்தில் விழுந்து எழும். நடுவில் 7 மி.மீ. துளை போட்ட தட்டை வளையம் வையுங்கள். அடி முகம் 0.05 மி.மீ. கோணலாக இருந்து தோட்டா அந்த அளவு முன்பின் நகர்ந்தாலும், புல்லட்டின் வளைவில் அது 4 மைக்ரான் அளவுதான் தெரியும். கவலைப்பட வேண்டியது ப்ரைமரைப் பற்றி மட்டும்.

இன்னொன்று, நீங்கள் இருப்பது இந்தியாவில். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா வைத்திருக்க உரிமம் வேண்டும், அதன் பாகங்களும் அந்தக் கணக்கில் வரும். கேஜை டெஸ்ட் பண்ண "ரெண்டு காலி கேஸ் அனுப்புங்க" என்று வாடிக்கையாளரிடம் கேட்டுவிடாதீர்கள். முழு ஸ்டீலில் மாஸ்டர் (அளவு தெரிந்த மாதிரி) ஒன்றைக் கடைந்து அதில் டெஸ்ட் பண்ணுங்கள். ஏற்றுமதிக்கு முன் ஒரு வக்கீலிடம் எழுத்து மூலம் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

டயல் எங்கே என்பதற்குப் பதில்: இரண்டு இடத்திலும். முதலில் நெக்கில். பிறகு கேஸ் வாயிலிருந்து 6 மி.மீ. முன்னால் புல்லட்டில். நெக் 1 தௌ, புல்லட் 4 தௌ என்றால் கோளாறு புல்லட் இறக்கும் கட்டத்தில். நெக்கே 3, புல்லட் 4 என்றால் கோளாறு அதற்கு முன்பே வந்துவிட்டது. டயல் நிற்கும் தூரத்தைப் பூட்டும் ஸ்டாப் அவசியம், ஏனென்றால் சாய்ந்த புல்லட்டில் மூக்குப் பக்கம் போகப் போக அளவு கூடும். அதே திசையில் மேடு உள்ள இரண்டு இடங்கள் 10 மி.மீ. இடைவெளியில் 0.05 மி.மீ. வித்தியாசம் காட்டினால், சாய்வு 0.14 டிகிரி. "ரன்-அவுட் 3 தௌ" என்று யாராவது சொன்னால் எந்த இடத்தில் என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

வாடிக்கையாளரின் இரண்டு கேஜ் வேறு வேறு காட்டுவதும் இதனால்தான். ஒரு வகை கேஸ் உடம்பை நான்கு பாலில் தாங்கும், சின்க்ளேர் மாதிரி. இன்னொரு வகை அடியையும் புல்லட் முனையையும் பிடித்து நடுவில் அளக்கும், ஹார்னடி மாதிரி. இரண்டாவதில் புல்லட் முனையே அச்சின் மேல் இருப்பதாகக் கருவி வைத்துக்கொள்கிறது. கோணலான தோட்டா அங்கே நடுவில் முழங்கை மடங்கிய மாதிரி சுற்றும். இரண்டும் பொய் இல்லை. அச்சு எது என்பதிலேயே வேறுபடுகின்றன, அதனால் எண்களை ஒப்பிட முடியாது.

பொதுவாக டார்கெட் ஆட்கள் 3 தௌ டிஐஆருக்குள் (ஒரு சுற்றில் டயல் காட்டும் மொத்த வித்தியாசம்) வந்தால் விட்டுவிடுவார்கள். ஒன்று, ஒன்றரைக்குள் தொடர்ந்து வந்தால் நல்ல வேலை. 5-ஐத் தாண்டினால் எங்கோ ஒரு டை (கேஸையும் புல்லட்டையும் அமைக்கும் அச்சு) தப்பு செய்கிறது.


பீன்யா டூல்ரூம்:

ரொம்ப நன்றி. பால், ரோலர் எல்லாம் போட்டு ஒரு மாதிரி கேஜ் செய்துவிட்டோம். ஓஎச்என்எஸ் (எண்ணெயில் குளிர்வித்துக் கடினமாக்கும் ஸ்டீல்)-ல் மாஸ்டர்: உடம்பை இரண்டு சென்டருக்கு நடுவில் .308 டேப்பருக்குக் கடைந்து, நான்கு ஜா சக்கில் பிடித்து, உடம்பில் 0.10 டிஐஆர் வரும்வரை டயல் பார்த்துத் தள்ளிவைத்து மூக்கைக் கடைந்தோம். அதாவது மூக்கின் மையம் 0.05 விலகல். கேஜில் எடுத்துப் போட்டுப் பத்துத் தடவை பார்த்ததில் 98-லிருந்து 104 மைக்ரான் வரை. சரியாக வருகிறது.

பிரச்சினை, வலப்பக்கம் சுற்றினால் ஒரு அளவு, இடப்பக்கம் சுற்றினால் 15 மைக்ரான் தள்ளி. ஏன்?


மைக்ரான்:

இரண்டு சந்தேகம். ரோலர் சரியாக நடுக்கோட்டுக்கு மேல் இருக்கிறதா? அரை மி.மீ. விலகினால்கூட அழுத்தம் ஒரு பக்கப் பாலுக்கு அதிகமாகப் போகும். சுற்றும் திசை மாறும்போது ஜாப் மறுபக்கப் பாலின் மேல் ஏறிப் பார்க்கும். ரோலர் கையை ஒரு பின்னில் தொங்கவிட்டு, அது தானாக உட்காரும்படி செய்யுங்கள். அழுத்தம் 300 கிராம் அளவு இருக்கட்டும்.

அடுத்தது லீவர் டயல். பரப்பு லீவரை இழுத்துக்கொண்டு போகும் திசையில்தான் சுற்ற வேண்டும். லீவரை எதிர்த்துக் குத்தும் திசையில் சுற்றினால் முனை இழுபடும். ரோலர் கைப்பிடிக்குப் பக்கத்தில் அம்புக்குறி பொறித்துவிடுங்கள், பயன்படுத்துபவர் குழம்ப மாட்டார்.

அனுப்பும் முன் மாஸ்டரைத் துமகூரு ரோட்டில் சிஎம்டிஐ (மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்) மெட்ராலஜி லேபிலோ, என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள வேறு லேபிலோ அளந்து சர்டிஃபிகேட் வாங்குங்கள். கேஜுக்குச் சர்டிஃபிகேட் வாங்குவதைவிட ஒவ்வொரு செட்டோடும் அளவு தெரிந்த மாஸ்டர் ஒன்றை அனுப்புவது மேல். டெக்சாஸில் டயல் கீழே விழுந்தால் அவரே சரிபார்த்துக்கொள்வார்.


தூரஇலக்கு:

இனி அந்த ஸ்க்ரூ. புல்லட்டைத் தள்ளி நேராக்கும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் அதை முதல் மருந்தாக விற்பது தப்பு. புல்லட்டைப் பிடித்திருப்பது ஏழு, எட்டு மி.மீ. நீள நெக்கின் பிடி மட்டுமே. பக்கவாட்டில் தள்ளும்போது புல்லட் அந்த நெக்குக்குள் சாய்கிறது, அல்லது நெக் ஷோல்டர் பக்கம் மடிகிறது. எப்படியானாலும் நெக்கின் பிடி ஒரு பக்கம் தளர்கிறது. ரன்-அவுட் குறைந்த தோட்டாவும் பிடி மாறிய தோட்டாவும் ஒரே பெட்டியில் கலந்தால் டார்கெட்டில் சிதறலாகத் தெரியும். கோணல் எந்தக் கட்டத்தில் உண்டாகிறது என்று பிடித்து அங்கே நிறுத்துவதுதான் வேலை.

வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லுங்கள். பத்து கேஸ் எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் நெக்கை அளக்கட்டும். சுட்ட கேஸ் அப்படியே. சைசிங் டையில் (சுட்டு விரிந்த கேஸை மறுபடி அளவுக்குக் குறுக்கும் டை) போட்டபின். புல்லட் இறக்கியபின் நெக்கும் புல்லட்டும். துப்பாக்கியின் சேம்பரிலிருந்து வந்த கேஸ் பெரும்பாலும் ஒரு தௌவுக்குள் நேராக இருக்கும். சைசிங்குக்குப் பிறகு மூன்று, நான்கு ஆகிவிட்டதா? டையின் நடுத் தண்டைக் கழற்றி, எக்ஸ்பாண்டர் பால் (நெக்கை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை) இல்லாமல் ஒரு கேஸ் சைஸ் பண்ணிப் பார்க்கட்டும். ஒன்றுக்குக் குறைந்துவிட்டால் குற்றவாளி அந்தப் பால். டை நெக்கைத் தேவைக்கு மேல் இறுக்கிவிடுகிறது. கேஸ் கீழே இறங்கும்போது பால் அதை உள்ளிருந்து விரித்துக்கொண்டே இழுக்கிறது, நெக் அந்த இழுப்பில் வளைகிறது. நெக்கின் உள்ளே உலர்ந்திருந்தால் இழுப்பு இன்னும் மோசம், கிறீச் என்று சத்தமே கேட்கும். உள்ளே துளி லூப் (மசகு), அல்லது பாலை எடுத்துவிட்டு புஷிங் டையில் (நெக்கைத் தேவையான அளவுக்கு மட்டும் இறுக்கும் டை) சைஸ் செய்து, பிறகு தனியே ஒரு மேண்ட்ரலை மேலிருந்து உள்ளே தள்ளி விரிப்பது. இழுப்பதைவிடத் தள்ளும்போது கேஸ் அடி ஷெல்ஹோல்டரில் நன்றாக உட்கார்ந்திருக்கும், வளைவு குறையும்.

பாலை எடுத்தும் குறையவில்லை என்றால் நெக் சுவரை பால் மைக்ரோமீட்டரில் நான்கு இடத்தில் அளக்க வேண்டும். ஒரு பக்கம் 0.015, எதிர்ப்பக்கம் 0.013 அங்குலம் என்றால், வெளிப்பக்கத்தை எவ்வளவு வட்டமாக்கினாலும் உள்துளையின் மையம் ஒரு தௌ விலகி நிற்கும், புல்லட்டில் 2 தௌ டிஐஆர் நிச்சயம். அதை எந்த டையும் சரிசெய்யாது. அந்தக் கேஸ்களை ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் நெக்கைக் கடைய வேண்டும்.


குறிபார்வை:

தூரஇலக்கு எழுதியதில் புல்லட் இறக்கும் கட்டம் விட்டுப்போயிற்று. நெக் நேராக இருந்தும் புல்லட் கோணலாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சீட்டிங் ஸ்டெம், அதாவது புல்லட்டை அழுத்தி இறக்கும் தண்டு. புல்லட் மூக்கை மார்க்கரால் முழுக்கக் கறுப்படித்து, ஒரு தடவை இறக்கி எடுத்துப் பாருங்கள். கறுப்பில் முழு வளையமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் ஸ்டெம் பொருந்துகிறது. பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, முனையில் ஒரு புள்ளி விழுந்திருந்தாலோ, ஸ்டெமின் குழி புல்லட்டின் வளைவுக்குப் பொருந்தவில்லை. நீண்ட மூக்குள்ள புல்லட்டுக்கு அதற்கான ஸ்டெம் தனியாக இருக்கிறது.

கேஸ் வாயின் உள் விளிம்பைச் சாய்வாகச் செதுக்காமல் விட்டால் புல்லட் ஒரு பக்கம் சிராய்த்துக்கொண்டு இறங்கும். தட்டை அடிப் புல்லட்டில் இது அதிகம், படகு வால் உள்ளது தானாகவே நெக்கைத் தேடிக்கொள்ளும். பாதி இறக்கி, தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பி, மீதியை இறக்குவது பலரும் செய்வது. கொஞ்சம் பலன் தரும், ஆனால் பொருந்தாத ஸ்டெமை அது காப்பாற்றாது. டை முழுநீள ஸ்லீவில் கேஸையும் புல்லட்டையும் சேர்த்துப் பிடித்துத் தள்ளும் வகையாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஸ்க்ரூ வேண்டாம் என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே லோடு செய்த நூறு தோட்டாவில் பத்து 5 தௌவுக்கு மேல் என்றால், அவற்றைப் பயிற்சிக்காக நேராக்கிக்கொள்ள அது உதவும். செய்வதானால் சரியாகச் செய்யுங்கள். அளக்கும் நான்கு பாலின் மேல் வைத்துத் தள்ளாதீர்கள், பால் பித்தளையில் குழி போட்டுவிடும், பிறகு அந்தக் குழியையே கேஜ் அளக்கும். பக்கத்தில் தனி பிளாக்: கேஸின் டேப்பருக்கு போர் அடித்த துளை, உடம்பு முழுவதையும் தாங்கட்டும், அடிப்பக்கம் திறந்திருக்கட்டும், ப்ரைமரை எதுவும் தொடக் கூடாது. ஸ்க்ரூ எம்6, 0.5 பிட்ச். முனையில் நைலான். புல்லட்டைத் தொடும் இடம் கேஸ் வாய்க்கு அருகில், மூக்கு முனையில் இல்லை. முனை திறந்த மேட்ச் புல்லட்டின் மூக்கு அழுத்தினால் நசுங்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு: டயல் 0.10 காட்டினால் 0.10 தள்ளுவார்கள். டிஐஆர் என்பது விலகலின் இரு மடங்கு. மேடான பக்கத்தை 0.05 இறக்கினாலே நேர். அதற்கு மேல் தள்ளினால் மேடு எதிர்ப்பக்கம் போய்விடும். ஆனால் பித்தளை திரும்பி எழும், அதனால் ஸ்க்ரூவில் 0.05 நகர்த்தியதும் புல்லட் அங்கேயே நிற்காது. பத்தில் ஒரு சுற்றாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூவை முழுதும் விலக்கி, கேஜில் மறுபடி அளக்க வேண்டும். மூன்று தடவையில் 2 தௌவுக்குள் வரவில்லை என்றால் அந்தத் தோட்டாவை விட்டுவிட வேண்டும், தொடர்ந்து முன்னும் பின்னும் வளைத்தால் நெக் பிடி போய்விடும். 3 தௌவுக்குள் உள்ளதைத் தொடவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தோட்டாவின் இரு முனைக்கும் நேராக யாரும் நிற்காமல். வைஸில் பிடிப்பது, தட்டுவது கூடவே கூடாது.


பீன்யா டூல்ரூம்:

ரோலர் கையைப் பின்னில் தொங்கவிட்டதும் இரு திசை வித்தியாசம் 15-லிருந்து 4 மைக்ரானுக்கு வந்துவிட்டது. ரோலர் 0.6 மி.மீ. விலகித்தான் இருந்திருக்கிறது.

ஸ்க்ரூ பிளாக்கைத் தனி பாகமாக, கேஜோடு ஒட்டாமல் கொடுக்கிறோம். வாடிக்கையாளரிடம் கட்டம் கட்டமாக அளக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். முதல் பதில் வந்தது: சுட்ட கேஸ் நெக் 0.7 தௌ, சைசிங்குக்குப் பிறகு 3.5, தண்டைக் கழற்றிய பிறகு 0.9. மேண்ட்ரல் வாங்கப்போகிறாராம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அவர் 6.5 க்ரீட்மோர் தோட்டாவும் லோடு செய்கிறாராம். அந்தக் கேஸ் .308-ஐவிடச் சின்னது, முன் பாலை நகர்த்தும்படி டி-ஸ்லாட்டில் போட்டால் ரிப்பீட்டபிலிட்டி கெடுமா?


மைக்ரான்:

ஸ்லாட் வேண்டாம். முன் ஜோடிப் பாலைத் தனி பிளாக்கில் வைத்து, இரண்டு டவல் பின்னில் (இடத்தைப் பூட்டும் ஊசி) உட்காரவையுங்கள். 1.920 அங்குலக் கேஸ் அது, ஷோல்டர் .308-ஐவிட முன்னதாகவே தொடங்கிவிடும். அதன் டிராயிங்கைப் பார்த்து ஷோல்டருக்கு 2 மி.மீ. முன் இன்னொரு ஜோடி டவல் துளை போட்டால் போதும். பிளாக்கை மாற்றியதும் அந்தக் கேஸுக்கான மாஸ்டரைப் போட்டு ஒரு தடவை பார்த்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். க்ரீட்மோருக்கும் ஒரு மாஸ்டர் கடைய வேண்டியிருக்கும், விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.